முற்றத்தில் கிறைண்டரால் வெட்டிய அஸ்பெஸ்டஸ் சீற்: வீட்டுக்குள் படிந்த தூசை என்ன செய்வது?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிக்குடியில் வீடு. காற்றில் மாமரக் கிளை விழுந்து கூரையில் மூன்று அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்தது. மேசன் புதுச் சீற்றை முற்றத்தில் வைத்துக் கிறைண்டரால் வெட்டினார். விறாந்தை, அறை, கட்டில், கொடியில் கிடந்த உடுப்பு, கிணற்றடி எங்கும் வெள்ளைத் தூசு. சின்னப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். கூட்டித் தள்ளினால் போதுமா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? மிச்சக் கூரையையும் கழற்ற வேண்டுமா?

பதில்:

தும்புத்தடியை ஓரமாக வையுங்கள். இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் ஆகக் கெட்ட சாமான் அதுதான். அடுத்தது மின்விசிறி. படிந்து கிடக்கும் அஸ்பெஸ்டஸ் தூசு கிடந்தபடி யாரையும் ஒன்றும் செய்யாது. எழும்பி மூச்சோடு உள்ளே போனால்தான் கேடு. கூட்டுவது, தட்டுவது, உதறுவது, விசிறி போடுவது எல்லாம் அதைத் திரும்பத் திரும்ப எழுப்பும். வீட்டு வக்கியூம் கிளீனர் இன்னும் மோசம். பெரிய தூசைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இழைகளைப் பின்பக்கத்தால் அறை முழுக்க ஊதிவிடும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, தூசு படிந்த அறைகளைப் பூட்டி ஓர் இரவு விடுங்கள். மிதப்பவற்றில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். வெட்டிய இடத்தை மெல்லிய தூவலாக நனைத்து, மேலே பொலித்தீன் விரித்துக் கல் வையுங்கள். வளவில் கோழி இருந்தால் அடைத்து வையுங்கள். கிளறுவதில் தும்புத்தடிக்கு அது குறைந்ததல்ல.

அதற்கிடையில் ஒன்றைப் பாருங்கள்: மேசன் வெட்டிய புதுச் சீற் உண்மையிலேயே அஸ்பெஸ்டஸ்தானா? அஸ்பெஸ்டஸ் கலக்காத நார்ச் சீமெந்துச் சீற்றும் இப்போது சந்தையில் உண்டு. சீற்றில் அச்சிட்டிருப்பதையும் ஹார்ட்வெயார் பில்லையும் பாருங்கள். கலக்காதது என்று தெளிவாக இருந்தால், அந்தத் தூசில் இருப்பது சீமெந்தும் சிலிக்கா எனும் மணல் தூளும்தான்; அதையும் மூச்சோடு எடுக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் காணும், மெத்தையை எறியத் தேவையில்லை. ஒன்றும் எழுதியில்லை என்றால் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்து விழுந்த பழைய சீற் அஸ்பெஸ்டஸ்தான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இழை தெரிகிறதா என்று முறித்துப் பார்ப்பது, நெருப்பில் காட்டிப் பார்ப்பது போன்ற வீட்டுப் பரிசோதனைகளில் இறங்காதீர்கள். நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் உறுதிசெய்ய முடியாது. அதோடு, சூடேறிய அஸ்பெஸ்டஸ் சீற் வெடித்துச் சிதறும். அடுப்புக்கு மறைப்பாக இதை நிறுத்தி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்.

இனிப் பயத்தின் அளவு. நம் ஊர்க் கூரைச் சீற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெள்ளை அஸ்பெஸ்டஸ், அதாவது கிறிசோரைல், மிச்சம் சீமெந்து. சீமெந்து இழைகளை இறுகப் பிடித்திருக்கும்வரை வெளியே வருவது மிகக் குறைவு. கிறைண்டர் அந்தப் பிடியைத் தூளாக்குகிறது. பிரித்தானியப் பாதுகாப்பு வழிகாட்டியில் உள்ள கணக்கு இது: உலர்ந்த சீற்றைச் சுழலும் தட்டால் வெட்டினால் பக்கத்துக் காற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 15 முதல் 25 இழைகள், கைவாளால் அறுத்தால் 1 வரை, வெட்டாமல் முழுச் சீற்றாகக் கழற்றினால் 0.5 வரை. அங்கே தொழிலாளிக்கு அனுமதிக்கும் எல்லை, நான்கு மணி நேரச் சராசரியாக, 0.1. வேலை ஒன்றுதான், ஆயுதம் மாறியதால் தூசு இத்தனை மடங்கு. மேசனோடு சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் எல்லாரையும்விட அதிகமாகத் தூசைச் சுவாசித்தவர் அவர்தான். இந்தக் கணக்கை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள்.

எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்புக்கு ஐயமே இல்லை. நுரையீரல், குரல்வளை, சூலகப் புற்றுநோய்களும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவும் இதில் அடங்கும். வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்தச் சொல்வது அதனால்தான், அவர்களுக்கு முன்னால் நிறைய ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் ஆபத்து ஏறுவது எவ்வளவு, எத்தனை காலம் சுவாசித்தோம் என்பதைப் பொறுத்து. ஒரு பின்னேரத் தூசு தருவது சிறிய ஆபத்து. அதை மாதக்கணக்கில் வீட்டுக்குள் வைத்துத் தினமும் கூட்டுவதுதான் சிறியதைப் பெரிதாக்கும். எக்ஸ்ரே இப்போது எடுத்தால் எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கு வீணாகக் கதிர் படும். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியில் திகதியோடு ஒரு வரி எழுதுவியுங்கள், போதும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். புகையும் அஸ்பெஸ்டஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் வெறுமனே கூட்டிய அளவைவிட அதிகமாக ஏறும்.

துப்புரவுக்கு ஆள் இரண்டு போதும். வேண்டியவை: எஃப்எஃப்பி3 மாஸ்க் (நுண்தூசைத் தடுக்கும் உயர்தர மாஸ்க்), அல்லது அதே வேலைக்கான பி100 வடிகட்டி பூட்டிய அரைமுக ரப்பர் மாஸ்க், கையுறை, எறியக்கூடிய முழுநீள உடுப்பு, அல்லது வேலை முடிய எறிந்துவிடும் பழைய உடுப்பு, 5 லீற்றர் கைத் தெளிப்பான், பழைய துணி ஒரு கட்டு, பொலித்தீன், அகல டேப். ஃபார்மசியில் கிடைக்கும் என்95 இரண்டாந்தரம்தான், ஆனால் ஈரத் துடைப்புக்கு அதையாவது இறுகப் போடுங்கள். நீலநிறச் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் மூக்கில் கட்டிய சால்வையும் இந்த இழைக்கு ஒன்றுமே இல்லை. எந்த மாஸ்க்கும் தாடிக்கு மேல் ஒட்டாது, ஓரத்தால் காற்று உள்ளே வரும். மழித்தவர் வேலைக்கு இறங்கட்டும்.

வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் மிஞ்சிய களைநாசினி படுக்கையில் விழும், வேகமும் கூட. புதுக் கைத் தெளிப்பான் வாங்கி, 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். வெறுந்தண்ணீர் தூசின் மேல் முத்து முத்தாக உருண்டுவிடும். சோப்பு சேர்ந்தால் இழைகளுக்கிடையே இறங்கும். தெளிப்பானின் மூக்கைத் திருகி மிக நுண்ணிய தூவலாக்கி, மேலே காற்றில் அடித்து விழ விடுங்கள். தூசை நேரே குறிவைத்து அடித்தால் பறக்கும்.

பிறகு மேலிருந்து கீழே. விசிறி இறக்கையின் மேற்பக்கம், அலுமாரித் தலை, சுவர் முடியும் இடத்திலுள்ள தீராந்தி, யன்னல் கம்பி, கடைசியாகத் தரை. துணியை நனைத்து மடித்து ஒரே திசையில் ஒரு இழுப்பு. மடிப்பை மாற்றி அடுத்த இழுப்பு. எல்லாப் பக்கமும் முடிந்தால் பைக்குள். பெரும்பாலானோர் பிழைவிடுவது இங்கேதான்: துணியை வாளியில் அலசி அலசித் துடைப்பார்கள். இரண்டாவது தரத்திலேயே வாளித் தண்ணீர் தூசுக் கரைசலாகிவிடும். அதை விறாந்தை முழுக்கப் பூசி, காய்ந்ததும் திரும்பத் தூசாக எழும். துணி மலிவு, எறியுங்கள். அடுத்த நாள் காய்ந்தபின் டோர்ச் ஒளியைத் தரைக்குச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் இன்னொரு முறை.

மெத்தையும் தலையணையும்தான் சிக்கல். மேலே விரிப்பு இருந்து, தூசு அதில் மட்டும் என்றால், விரிப்பை நனைத்து உட்புறமாகச் சுருட்டி எறியுங்கள், மெத்தை தப்பும். தும்பு மெத்தையோ பஞ்சு மெத்தையோ மூடாமல் கிடந்து தூசு அப்பியிருந்தால் அதைச் சுத்தமாக்க வீட்டில் வழியில்லை, போக விடுங்கள். கொடியில் கிடந்த உடுப்பைக் கொடியிலேயே நனைத்து, தனியாக, நிறையத் தண்ணீரில் இருமுறை அலசுங்கள். அஸ்பெஸ்டஸ் தொழிலாளரின் வேலை உடுப்பை வீட்டில் உதறித் துவைத்த மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்தது மருத்துவ வரலாற்றில் உள்ளது. மேசன் போட்டிருந்த சேட்டையும் சாரத்தையும் பற்றி அவர் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய விடயம் அது.

கிணற்றைப் பற்றி நிறையப் பேர் பயப்படுவார்கள். அந்த அளவுக்குப் பயம் தேவையில்லை. அஸ்பெஸ்டஸின் வேலை மூச்சுப்பாதையில். தண்ணீரோடு விழுங்கியதால் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு எல்லை அளவே வைக்கவில்லை. விழுந்த துண்டுகளை அள்ளி எடுங்கள், கிணற்றுக் கட்டையும் கப்பியையும் ஈரமாகத் துடையுங்கள், ஒரு நாள் அடைய விட்டுப் பாவியுங்கள். அரிசிச் சாக்கின் வெளிப்புறத்தைத் துடைத்தால் சரி. திறந்து கிடந்த பாத்திரத்தின் மேற்படையை மட்டும் எறியுங்கள்.

முற்றத்து மணல் அப்படியல்ல. காய்ந்து பறக்கும், பிள்ளைகள் அதிலேயே விளையாடும். பொலித்தீனை எடுக்குமுன் மணலை நன்றாக நனைத்து, கண்ணுக்குத் தெரியும் துண்டுகளைப் பொறுக்குங்கள். பிறகு வெட்டிய இடத்திலிருந்து சுற்றிவர மூன்று மீற்றர், வெள்ளை தெரிந்தால் அதற்கும் அப்பால், மேல் 5 சென்ரிமீற்றர் மணலைத் தட்டை மண்வெட்டியால் வழித்து அள்ளுங்கள். வாருகோலால் வாராதீர்கள். அந்த இடத்தில் வேறு மணல் கொட்டி மூடிவிடலாம். தாழ்வாரத்தில் மழைநீர் சொட்டும் கோட்டையும் ஒருமுறை பாருங்கள். பழைய கூரையிலிருந்து ஆண்டுக்கணக்கில் கழுவிய இழை சேர்வது அங்கேயும் பீலிக்குள்ளும்தான். பீலிச் சேற்றை ஈரமாக இருக்கும்போது அள்ளிப் பையில் போடுங்கள், காயவைத்துத் தட்டாதீர்கள்.

மிச்சக் கூரை? உடைவில்லாமல், கெட்டியாக இருந்தால் விடுங்கள். நல்ல கூரையைப் பயத்தில் அவசரமாகக் கழற்றினால், இல்லாத தூசை உண்டாக்கியதாக முடியும். விளிம்பில் பஞ்சுபோல் இழை தொங்குகிறதா, போல்ட்டைச் சுற்றி வெடித்திருக்கிறதா, மேற்பரப்பு தேய்ந்து சொரசொரப்பாகிவிட்டதா என்று பாருங்கள். கடற்கரைக் காற்றில் ஹூக் போல்ட் துருவேறிப் பருத்து, துளையைச் சுற்றிச் சீற்றைப் பிளக்கும். நம் கரையில் பல கூரைகள் சாவது சீற்றால் அல்ல, போல்ட்டால். ஓரளவு நல்ல சீற் என்றால் உட்பக்கத்துக்கு நீர்க்கலப்பு அக்ரிலிக் சீலர் ஒரு பூச்சும் மேலே பெயின்ற் இரண்டு பூச்சும் போட்டு இழைகளைப் பூட்டலாம். சாரக்கட்டுப் போட்டு வீட்டுக்குள் நின்று செய்யும் வேலை இது, கூரையில் ஏறத் தேவையில்லை. சுரண்டல், கம்பித் தூரிகை, மண்கடதாசி, பிரஷர் வாஷர் எதுவும் ஆகாது. மேலே பாசி இருந்தால் இருக்கட்டும்.

கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதல் ஆபத்து இழையல்ல, விழுவது. பழைய சீற் ஆளைத் தாங்காது, அறிவிப்பில்லாமல் முறியும். நனைந்த சீற் வழுக்கவும் செய்யும். அதனால் சீற்றில் மிதிக்காமல், கீழிருந்து சாரக்கட்டில் நின்றோ, கூரை மரத்தின் மேல் குறுக்கே போட்ட பலகையில் நின்றோதான் வேலை. கச்சான் வீசும் மாதங்களில் விடியற்காலையில் தொடங்கி, காற்று எழும்ப நிறுத்துங்கள். கிணற்றை மூடுங்கள், பக்கத்து வளவுக்காரருக்குச் சொல்லி யன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், உள்ளே தரை முழுக்கப் பொலித்தீன் விரியுங்கள். முதலில் முகட்டுச் சீற், பிறகு மேல்வரிசை, கடைசியில் தாழ்வார வரிசை. போட்ட ஒழுங்குக்கு நேர்மாறு. துருப்பிடித்த நட்டைத் திருகி மல்லுக்கட்டினால் சீற் உடையும். ஈரப் பஞ்சை வைத்து, போல்ட் கட்டரால் கம்பியை வெட்டுங்கள். எட்டடிச் சீற் ஒன்று 30 கிலோவுக்கு மேல் வரும்; இருவர் பிடித்து இறக்க வேண்டும், சறுக்கியோ எறிந்தோ விடக்கூடாது. எல்லாம் இறங்கியதும், புதுக்கூரை ஏறுமுன், வளைமரம், சலாகை, சுவர்த்தலை எல்லாவற்றையும் ஈரத்தால் துடையுங்கள். இதை விட்டுவிட்டால் முப்பது வருடத் தூசு புதுக்கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கும்.

வேலை முடிந்தவர் வெளியே நின்று உடுப்பை நனைத்து, உட்புறம் வெளியாகச் சுருட்டிக் கழற்றி, மாஸ்க்கை ஆகக் கடைசியாக எடுத்து, உடனே தலையோடு குளிக்க வேண்டும்.

சீற்றையும் துணியையும் மணலையும் எங்கே போடுவது என்பதுதான் இங்கே ஆகக் கடினமான கேள்வி. முழுச் சீற்றை உடைக்காமல் அடுக்கி இரட்டைப் பொலித்தீனால் சுற்றி டேப் ஒட்டுங்கள். தடிப்பு 200 மைக்ரோனாவது வேண்டும். கடையில் கேஜ் கணக்கில் கேட்பார்கள், 800 கேஜ் என்றால் 200 மைக்ரோன். உடைந்த துண்டின் முனை பொலித்தீனைக் கிழிக்கும், ஆகவே உள்ளே இரண்டு பொலித்தீன், வெளியே உரப்பை. பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உரப்பை மட்டும் போதாது, பின்னல் இடுக்கால் தூசு வழியும். வெளியே “அஸ்பெஸ்டஸ், உடைக்காதே” என்று மையால் எழுதுங்கள். பிறகு மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபையில் கேளுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சாதாரணக் குப்பை ட்ரக்டரில் ஏற்றாதீர்கள், அழுத்தி நொறுக்கப்பட்டு வழியெல்லாம் சிந்தும். அவர்கள் இடம் காட்டும்வரை, வெள்ளம் ஏறாத மூலையில், நிழலில் கட்டியபடி வைத்திருப்பதில் ஆபத்தில்லை.

புதைப்பதானால் அவர்கள் காட்டும் இடத்தில், குறைந்தது ஒரு மீற்றர் மண் மேலே இருக்கும்படி. எழுவான்கரை (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் பக்கம்) மணலில் சொந்த வளவில் ஆழமில்லாமல் புதைப்பது பயனற்றது. அஸ்பெஸ்டஸ் உக்காது. நாளைக்கு யாரோ மலசலகூடக் குழிக்கோ மதிலுக்கோ தோண்டுவார்கள். வெள்ளமும் மணலை அரிக்கும். 2004 சுனாமி இடிபாடுகளிலும் இது கலந்து கிடந்தது, கரையோர வளவுகளில் அத்திவாரம் வெட்டும்போது பழைய துண்டு வந்தால் நனைத்து எடுத்துப் பையில் போடுங்கள். வயல் வீதிப் பள்ளத்தை உடைந்த சீற்றால் நிரப்புவது, வாவிக் கரையில் கொட்டுவது, கோழிக்கூட்டுக்கும் குளியல் மறைப்புக்கும் கொடுப்பது மூன்றும் கூடாது. ட்ரக்டர் சக்கரம் செய்வது கிறைண்டர் வேலையைத்தான், மெதுவாக.

பதிலுக்கு என்ன போடலாம்? ஓடு நல்லது, ஆனால் பாரம். சதுர மீற்றருக்கு 40 கிலோவுக்கு மேல். அஸ்பெஸ்டஸ் 15 கிலோவுக்குள். சரிவும் கூட வேண்டும். அஸ்பெஸ்டஸுக்கு அடித்த சரிவு குறைந்த கூரை மரத்தில் ஓடு போட்டால் ஒழுகும், மரமும் வளையும். அமானோ சீற் (பூச்சிட்ட உலோகத் தகடு) மிக இலேசு, 5 கிலோ அளவுதான். மரத்தை மாற்றத் தேவையில்லை, ஆனால் அந்த இலேசே 1978 நவம்பர் 23 சூறாவளி கண்ட மாவட்டத்தில் பலவீனம். தாழ்வார ஓரத்திலும் முகட்டிலும் திருகாணியை நெருக்கமாக அடித்து, மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள். கடலுக்கு அருகில் என்றால் தடித்த பூச்சுள்ளதாக வாங்குங்கள். வெட்டிய விளிம்பில் பூச்சைத் திரும்பத் தடவாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கடையில் இன்னும் விற்கிறார்களே என்றால், சட்டத்தின் கதை இது. நீல அஸ்பெஸ்டஸ் என்ற இன்னொரு வகை இலங்கையில் 1987 இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளையை 2018 இலிருந்து கட்டுப்படுத்தி 2024 க்குள் நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்த, அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. தேயிலையும் மறுபடி ரஷ்யாவுக்குப் போகத் தொடங்கியது. அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியில் ரஷ்யா முன்னணி நாடு என்பதைச் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக்கு இப்போது பணமில்லை, உடைந்த மூன்று இடத்துக்கும் அஸ்பெஸ்டஸே போடவேண்டும் என்றால், வெட்டத் தேவையில்லாத நீளத்தில் வாங்குங்கள். நாலடியிலிருந்து அடிக்கணக்கில் கிடைக்கும். அளவு சரிவராவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பகுதியைக் கூட்டிச் சமாளியுங்கள். வெட்டியே ஆகவேண்டுமானால் வீட்டை விட்டுத் தள்ளி, பொலித்தீன் விரித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே கைவாளால். துளையும் கைத்துரப்பணத்தால், துளை விழும் இடத்தில் சவர நுரையைக் கொஞ்சம் அப்பிவிட்டுப் போடச் சொல்லுங்கள். தூள் நுரைக்குள்ளேயே நிற்கும், ஈரத் துணியால் வழித்து எடுத்துவிடலாம்.